கோட்டைகளை மாற்றியது சரி, காலாளைத் தொட்டதுதான் பிழை

உங்கள் மகளின் சதுரங்க ஆட்டத்தைப் பற்றி மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். ஹட்டனில் நடந்த சுற்றுப்போட்டியில், 12 வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவில் வெள்ளைக் காய்களுடன் ஆடிய பிள்ளை, ஒரு காலாள் கூடுதலாக வைத்திருந்தும் 63ஆம் நகர்வில் ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே எதிராளிக்கு ஆட ஒரு நகர்வும் இல்லாத சமநிலை) ஆகி அரைப் புள்ளியோடு எழுந்து வந்திருக்கிறார். கடைசிக் கோட்டைகளை மாற்றிக்கொண்டதுதான் பிழை என்று பாடசாலையில் சதுரங்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் சொன்னது சரியா என்பது முதற்கேள்வி. காலாளைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்த பதினொரு வயதுப் பிள்ளையை, அதே காலாளைத்தான் நகர்த்த வேண்டும் என்று நடுவர் கட்டாயப்படுத்தியது நியாயமா என்பது இரண்டாவது. மாதக் கட்டணம் கட்டி, ஆரம்ப நகர்வுகளைச் சொல்லித்தரும் இணையவழி வகுப்பில் சேர்க்கலாமா என்பது மூன்றாவது. நீங்கள் அனுப்பிய நகர்வுத் தாளைப் பார்த்துப் பலகையில் காய்களை அடுக்கி முழு ஆட்டத்தையும் ஆடிப்பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

கோட்டைகளை மாற்றியது பிழையல்ல. அந்த இடத்தில் அதுதான் வெல்லும் வழி. நடுவர் செய்ததும் சரி. வெற்றி கைநழுவியது 53ஆம் நகர்வில், பிள்ளையின் விரல்கள் எஃப்2 காலாளின்மீது பட்ட அந்த நொடியில்தான். (கட்டங்களை வெள்ளையின் பக்கமிருந்து பார்த்து, இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரையும் கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரையும் குறிக்கிறோம்.) இது எப்படி என்பதை விளக்கினால் மூன்றாவது கேள்விக்கான பதிலும் அதிலேயே கிடைத்துவிடும்.

முதல் ஐம்பது நகர்வுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இத்தாலிய ஆட்டம் என்ற ஆரம்ப முறையின் அமைதியான வகையை ஆடி, அரசனைக் காலத்தோடு கோட்டை கட்டிப் பாதுகாத்து, நடு ஆட்டத்தில் எதிராளி கவனிக்காமல் விட்ட ஒரு காலாளை வெட்டி, அதன்பின் பொறுமையாகக் காய்களை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார். அவருடைய வயதுக்கு இது நல்ல ஆட்டம். ஐம்பதாவது நகர்வு கடந்தபோது பலகையில் மிஞ்சியவை மிகச் சில: வெள்ளையிடம் ஜி3இல் அரசன், ஏ6இல் கோட்டை, இன்னும் நகராத எஃப்2 காலாள், கறுப்பிடம் ஜி7இல் அரசனும் ஒரு கோட்டையும். இந்நிலையில் கறுப்பு 51ஆம் நகர்வில் தன் கோட்டையை ஜி6இல் வைத்துச் செக் கொடுத்தது. வெள்ளை அதை வெட்டியது; கறுப்பு அரசன் திருப்பி வெட்டி ஜி6இல் வந்து நின்றது. இப்போது பலகையில் இரண்டு அரசர்களும் ஒரு காலாளும் மட்டுமே. நகர்வு வெள்ளையின் முறை.

செக் கொடுக்கும் சாக்கில் கோட்டைகளை மாற்றக் கூப்பிட்டதே எதிராளியின் பிழை. கோட்டைகள் இரண்டும் பலகையில் நின்றிருந்தால், காலாள் தன் வீட்டை விட்டே கிளம்பாத நிலையில், கறுப்பு அரசன் அதன் வழியை மறித்துக்கொண்டிருக்கையில், சமநிலைதான் நியாயமான முடிவு. கறுப்பு அதைத் தாமாகவே கைவிட்டது. “அரசன் காலாளுக்கு முன்னால் நிற்கிறது, ஆகவே டிரா” என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்க வேண்டும். நம் பக்கத்துப் பாடசாலைகளில் சிறுவர்கள் பலர் இதை ஒரு விதியாகவே நம்புகிறார்கள். அது பாதி உண்மை மட்டுமே. எந்த அரசன் எங்கே நிற்கிறது, அடுத்த நகர்வு யாருடையது என்ற இரண்டையும் கேட்காமல் அப்படிச் சொல்ல முடியாது.

இந்த வகை முடிவாட்டத்தில் காலாளைவிட அரசன்தான் முதலில் நடக்க வேண்டும். காலாள் எஃப்2இல் இருக்கும்போது, அதற்கு இரண்டு வரிசை முன்னால் ஈ4, எஃப்4, ஜி4 என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. அந்த மூன்றில் ஏதேனும் ஒன்றில் வெள்ளை அரசன் கால் வைத்துவிட்டால், நகர்வு யார் முறையாக இருந்தாலும் வெற்றி உறுதி. காலாள் எஃப்3க்கு நகர்ந்தால் அந்த மூன்று கட்டங்களும் ஒரு வரிசை மேலே ஏறி ஈ5, எஃப்5, ஜி5 ஆகிவிடும். எஃப்4க்குப் போனால் ஈ6, எஃப்6, ஜி6. அதாவது காலாளைத் தள்ளத் தள்ள, அரசன் போய்ச் சேர வேண்டிய இடமும் தூரமாகிக்கொண்டே போகிறது. உங்கள் மகளின் அரசன் ஜி3இல் நின்றது. ஜி4உம் எஃப்4உம் ஒரே அடி தூரம். இரண்டில் எதை ஆடியிருந்தாலும் வென்றிருப்பார்.

எஃப்4ஐ எடுத்துக்கொள்வோம். 53ஆம் நகர்வில் வெள்ளை அரசன் எஃப்4க்கு வந்ததும் கறுப்பு அரசன் எஃப்6இல் எதிரே வந்து நிற்கும். இரண்டு அரசர்களும் ஒரு கட்டம் இடைவிட்டு நேருக்கு நேர் நிற்கும் இந்த நிலையைத்தான் ஆட்டக்காரர்கள் ஒப்பொசிஷன் என்கிறார்கள். இதில் யாருக்கு நகர வேண்டிய கட்டாயம் வருகிறதோ அவர்தான் வழிவிட வேண்டும். இங்கே நகர்வு வெள்ளையின் முறை என்பதால் வழிவிட வேண்டியவர் நாம் என்று தோன்றும். ஆனால் எஃப்2 காலாள் இன்னும் வீட்டிலேயே இருக்கிறது. அதை எஃப்3க்கு ஓர் அடி மட்டும் தள்ளினால் முறை கறுப்பின் தலையில் விழுந்துவிடும். பையில் பத்திரப்படுத்திய அந்த ஒரே ஒரு நகர்வுக்காகத்தான் காலாளை முன்கூட்டியே தொடக்கூடாது என்று சொல்கிறோம். பிறகு கறுப்பு அரசன் ஈ6க்கு ஒதுங்கினால் வெள்ளை ஜி5, கறுப்பு எஃப்7, வெள்ளை எஃப்5, கறுப்பு ஈ7, வெள்ளை ஜி6, கறுப்பு ஈ6, வெள்ளைக் காலாள் எஃப்4, கறுப்பு ஈ7, காலாள் எஃப்5, கறுப்பு எஃப்8.

இந்த இடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. அவசரப்பட்டுக் காலாளை எஃப்6க்குத் தள்ளினால் கறுப்பு அரசன் ஜி8க்குப் போகும். காலாள் எஃப்7க்கு வந்து செக் கொடுக்க, அரசன் எஃப்8. அதன்பின் வெள்ளை அரசன் எஃப்6க்கு வந்தால் ஸ்டேல்மேட், வராவிட்டால் காலாள் பறிபோகும். ஆகவே இங்கேயும் அரசன்தான் முதலில்: அரசனை எஃப்6க்குக் கொண்டுவந்தால் கறுப்பு ஈ8க்கோ ஜி8க்கோ விலகியாக வேண்டும். ஈ8 என்றால் வெள்ளை ஜி7, ஜி8 என்றால் வெள்ளை ஈ7. இரண்டிலும் காலாளின் வழி திறந்துவிடும். மூன்று நகர்வுகளில் அது அரசியாகும்.

இதற்கு மாறாக உங்கள் மகள் ஆடியது எஃப்4 காலாள். உடனே கறுப்பு அரசன் எஃப்5க்கு வந்து காலாளின் மூக்குக்கு நேரே நின்றது. வெள்ளை அரசன் இனிக் காலாளுக்குப் பின்னாலோ பக்கத்திலோதான் நடக்க முடியும். 54இல் வெள்ளை எஃப்3, கறுப்பு எஃப்6. 55இல் வெள்ளை ஈ4, கறுப்பு ஈ6. காலாள் எஃப்5இல் செக், கறுப்பு எஃப்6. வெள்ளை எஃப்4, கறுப்பு நேர்பின்னே எஃப்7. வெள்ளை ஈ5, கறுப்பு ஈ7. காலாள் எஃப்6இல் செக், கறுப்பு எஃப்7. 60இல் வெள்ளை எஃப்5. எதிர்த்து ஆடிய பிள்ளையை இங்கே மனமாரப் பாராட்ட வேண்டும். இந்த இடத்தில் கறுப்பைக் காப்பாற்றும் நகர்வு ஒன்றே ஒன்றுதான்: நேர்பின்னே எஃப்8. ஈ8க்குப் போயிருந்தால் வெள்ளை ஈ6க்கும், ஜி8க்குப் போயிருந்தால் வெள்ளை ஜி6க்கும் வந்து வென்றிருக்கும். அவர் எஃப்8ஐ ஆடினார். வெள்ளை ஈ6, கறுப்பு ஈ8. காலாள் எஃப்7இல் செக், கறுப்பு எஃப்8. வெள்ளை எஃப்6, ஸ்டேல்மேட். கோட்டைகளை மாற்றத் தவறாகக் கூப்பிட்ட அதே பிள்ளை, அதன்பின் வந்த பதினொரு நகர்வுகளில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

இனி நடுவர் விடயம். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளில் 4ஆவது பிரிவு, நகர்த்தும் நோக்கத்தோடு தன் காய் ஒன்றைத் தொட்டவர், அதைச் சட்டப்படி நகர்த்த முடியுமானால் அதையே நகர்த்த வேண்டும் என்கிறது. வயதுப் பிரிவுகளுக்கென்று தனிச் சலுகை அதில் இல்லை. கட்டத்தின் நடுவில் இல்லாத காயைச் சரியாக வைக்க வேண்டுமென்றால், தொடுவதற்கு முன்னரே “சரிசெய்கிறேன்” என்று சொல்லிவிட வேண்டும். அதுவும் தன் முறை வரும்போதுதான். கை தவறிப் பட்டதை விதி குற்றமாக எடுப்பதில்லை. செக்கில் இருக்கும்போது, செக்கைத் தீர்க்க உதவாத ஒரு காயைத் தொட்டுவிட்டாலும் கவலையில்லை. தொட்ட காயால் சட்டப்படியான நகர்வே இல்லையென்றால் வேறு எதையும் ஆடலாம். ஆனால் உங்கள் மகள் காலாளை விரல்களால் பிடித்துச் சற்றுத் தூக்கிவிட்டுப் பிறகுதான் கையை எடுத்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எதிராளி தன் காய் எதையும் தொடாமல், கையை உயர்த்தி நடுவரை அழைத்திருக்கிறார். முறைப்பாடு செய்ய வேண்டிய சரியான நேரமும் அதுவே, ஏனெனில் தானும் ஒரு காயைத் தொட்டுவிட்டால் முறையிடும் உரிமை போய்விடும். இதைவிடத் தெளிவான சம்பவம் நடுவருக்குக் கிடைக்காது. பிள்ளை அழுததைப் பார்த்து உங்கள் மனம் கலங்கியது புரிகிறது. ஆனாலும் எதிரே இருந்ததும் அதே வயதுப் பிள்ளைதான்.

“தொட்ட பிறகாவது எஃப்3 ஆடியிருக்கலாமே” என்று வீட்டில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் வெல்லாது. காலாள் எஃப்3க்கு வந்ததும் கறுப்பு அரசன் ஜி5இல் வந்து நிற்கும். வெள்ளை எஃப்2க்குப் பின்வாங்கினால் கறுப்பு எஃப்6க்குப் போய் எட்ட நின்றே அதே ஒப்பொசிஷனைப் பிடிக்கும். பிறகு வெள்ளை ஜி3 என்றால் கறுப்பு ஜி5, ஈ3 என்றால் ஈ5. காலாளைத் தொட்டபின் சட்டம் அனுமதித்த இரண்டு நகர்வுகளும் சமநிலைக்கே கொண்டுபோயிருக்கும் என்பதால்தான், விரல் பட்ட நொடியிலேயே வெற்றி போய்விட்டது என்று தொடக்கத்தில் சொன்னேன். எஃப்4ஐத் தெரிந்தெடுத்ததற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

“முன்னிலையில் இருந்தால் காய்களை மாற்று” என்ற பாடத்தைச் சொல்லிக்கொடுத்த அதே ஆசிரியர் இப்போது மாற்றியது பிழை என்கிறார் என்று ஆதங்கப்பட்டிருக்கிறீர்கள். பாடம் நல்ல பாடம்தான். ஆனால் கடைசிக் காய்களின் மாற்றம், மற்ற மாற்றங்களைப் போன்றதல்ல. கோட்டையோ அமைச்சரோ பலகையில் இருக்கும்வரை ஒரு நகர்வு பிசகினாலும் பெரும்பாலும் சமாளிக்க இடமுண்டு. அரசர்களும் காலாட்களும் மட்டும் மிஞ்சிவிட்டால் ஒரே நகர்வில் வெற்றி சமநிலையாகும், சமநிலை தோல்வியாகும். எனவே அந்த மாற்றத்தைப் பொதுவிதியை நம்பிச் செய்யாமல், இறுதிவரை கணக்கிட்டுப் பார்த்தே செய்ய வேண்டும். பெரியவர்களும் இதில் வழுக்குகிறார்கள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலகப் பட்டத்துக்கான 14ஆவதும் கடைசியுமான ஆட்டம் நடந்தபோது இந்தியாவின் குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் தலா ஆறரைப் புள்ளிகளில் இருந்தார்கள். இருவரிடமும் ஒரு கோட்டை, ஓர் அமைச்சர். குகேஷிடம் ஒரு காலாள் கூடுதல். சமநிலையாகும் என்றே பார்த்தவர்கள் பலர் எண்ணியிருந்தார்கள். 55ஆம் நகர்வில் டிங் தன் கோட்டையை எஃப்2இல் வைத்தார். குகேஷ் கோட்டைகளை மாற்றினார். உடனே தன் அமைச்சரை டி5இல் வைத்து அமைச்சர்களையும் மாற்றவைத்தார். மிஞ்சிய காலாள் முடிவாட்டத்தில் டிங்குக்குத் தப்ப வழியில்லை. 58ஆம் நகர்வோடு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். 18 வயதில் குகேஷ் உலக வெற்றியாளரானார். அந்த மாற்றம் வெல்லும் என்று தெரிந்துகொள்ள அவர் எந்த ஆரம்ப நகர்வையும் நினைவுக்குக் கொண்டுவரத் தேவையிருக்கவில்லை.

ஆகவே வகுப்பைப் பற்றி. உங்கள் மகளுக்கு இப்போது ஆரம்ப நகர்வு வகுப்பு தேவையில்லை என்பது என் கருத்து. இந்த ஆட்டத்தின் முதற்பகுதியில் அவருக்குக் குறை ஒன்றும் நேரவில்லை. தோட்டப் பாடசாலைகளிலிருந்து வரும் பிள்ளைகள் பலரை நான் பார்த்திருக்கிறேன்: பெயர் பெற்ற ஆரம்ப வகைகளில் பன்னிரண்டு நகர்வுகள் மனப்பாடம், ஆனால் அரசனும் காலாளும் அரசனும் மட்டும் உள்ள நிலையைக் கொடுத்தால் கை நடுங்கும். அவர்களைக் குறைசொல்ல முடியாது. இணையத்தில் கண்ணில் படுவதெல்லாம் பத்து நகர்வில் வெல்லும் பொறிகள்தான். அதோடு, பாடசாலைக்கு ஒரே ஒரு செஸ் கடிகாரமும் மதிய இடைவேளையில் கிடைக்கும் அரை மணி நேரமும் இருந்தால், எந்த ஆட்டமும் முடிவாட்டம்வரை போவதற்குள் மணி அடித்துவிடும். முடிவாட்டத்தைத் தனியாக எடுத்துப் பழகாவிட்டால் அது பழகாமலே போய்விடும்.

இதை வீட்டிலேயே செய்யலாம், காசும் வேண்டாம். பலகையில் மூன்று காய்களை மட்டும் வையுங்கள்: வெள்ளை அரசன் ஜி3, காலாள் எஃப்2, கறுப்பு அரசன் ஜி6. மகள் வெள்ளையை எடுத்து முதலில் ஆடட்டும், நீங்கள் கறுப்பை ஆடுங்கள். உங்களுக்குச் சதுரங்கம் அதிகம் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு அரசன் நடக்கும் விதம் தெரிந்தால் போதும். அவர் தடுமாறாமல் வெல்லத் தொடங்கியதும் பக்கத்தை மாற்றுங்கள்: வெள்ளை அரசன் எஃப்3, காலாள் எஃப்4, கறுப்பு அரசன் எஃப்5. இப்போது மகள் கறுப்பு. வெல்ல முயல்பவர் நீங்கள். அவர் சமநிலையைக் காக்க வேண்டும். பின்வாங்கும்போது நேர்பின்னே பின்வாங்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்லிக்கொடுக்காமல் அவரே கண்டுபிடித்தால் மிகவும் நல்லது. அதன்பின் காலாளை ஈ, டி, சி வரிசைகளுக்கு மாற்றிப்பாருங்கள், முடிவு மாறாது. ஏ அல்லது எச் ஓர வரிசைக்கு மாற்றினால் மாறும்: எதிராளியின் அரசன் மூலைக்குப் போய்விட்டால் ஓரக் காலாளால் வெல்ல முடியாது. கைப்பேசியில் டேட்டா இருந்தால் லிசெஸ் தளத்தில் இதே நிலைகளைக் கணினியோடு இலவசமாக ஆடலாம். இதன்பின் இரண்டு பக்கமும் காலாட்கள் உள்ள நிலைகள், அதன்பின் கோட்டை முடிவாட்டங்கள். இந்த வருடத்துக்கு அவ்வளவு போதும்.

கடிகாரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 53ஆம் நகர்வின்போது மகளுக்கு இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் மிச்சமிருந்தது என்கிறீர்கள். கோட்டை வெட்டப்பட்டதும் சில விநாடிகளில் கை காலாளுக்குப் போயிருக்கிறது. நகர்வுத் தாளில் 53 என்ற எண்ணுக்கு எதிரே எழுத்து மற்ற இடங்களைவிட அழுத்தமாக, தாள் கிழியும் அளவுக்குப் பதிந்திருக்கிறது. நடுவர் வந்துபோன பிறகு எழுதியதாக இருக்கும். எதிராளியின் நகர்வை எழுதி முடிக்கும்வரை இரண்டு கைகளும் பலகைக்கு மேலே வரக்கூடாது என்று பழக்குங்கள். தன் நகர்வை ஆடுவதற்கு முன்னரே எழுதிவைக்க விதி இடம் தராது, ஆனால் எதிராளியின் நகர்வை முதலில் எழுதிவிட்டு யோசிக்கலாம். கடிகாரத்தில் மிஞ்சிய நேரத்தையும் தாளின் ஓரத்தில் குறிக்கலாம். நாலைந்து நகர்வுக்கு ஒருமுறை நேரத்தைக் குறித்துவந்தால், எங்கே அவசரப்பட்டார் என்பது அடுத்த தடவை தாளைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

விடிகாலையில் லிந்துலையிலிருந்து பஸ் ஏறி, தலவாக்கலையில் மாறி, ஹட்டன் மண்டபத்தின் குளிரில் நாள் முழுக்க உட்கார்ந்த பிள்ளை, கடைசிச் சுற்றில் அவசரப்படுவது வியப்பில்லை. சுற்றுகளுக்கு இடையில் மற்றப் பிள்ளைகளோடு வேகமாக ஆடும் விளையாட்டு ஆட்டங்களை நிறுத்திவிட்டு, ஏதாவது சாப்பிடக் கொடுத்துச் சற்று நடக்கவிடுங்கள். அந்த வேக ஆட்டங்களில் பழகிய கைதான் 53ஆம் நகர்விலும் முந்திக்கொண்டது என்று நினைக்கிறேன்.

தரவரிசைப் புள்ளி குறையுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அவருக்கு இன்னும் ஃபிடே தரப்புள்ளி இல்லாததால் இந்த ஆட்டத்தில் இழக்க எதுவும் இல்லை. முதல் தரப்புள்ளி பெற, தரப்புள்ளி உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டங்களாவது ஆடியிருக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு, தரப்புள்ளி 2300க்குக் கீழே இருக்கும்வரை, 40 என்ற பெருக்கு எண் பயன்படுகிறது. அதன்படி வெற்றிக்கும் சமநிலைக்கும் இடையிலான அரைப் புள்ளி வித்தியாசம் ஓர் ஆட்டத்துக்கு 20 தரப்புள்ளி. தரப்புள்ளிக்குரிய போட்டிகளுக்குக் கொழும்புக்குப் போய்வரும் செலவை இப்போதே சுமக்க வேண்டியதில்லை; மேலே சொன்ன மூன்று காய் நிலைகளை இரண்டு பக்கமும் தயங்காமல் ஆடத் தொடங்கிய பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.